மைனஸ் முப்பதில் வண்டி எடுக்கப் போகும் உறவுகளுக்கு

ரொறன்ரோவிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் எட்மன்ரன், கல்கரி, ரெஜைனா, சஸ்கரூன், வின்னிபெக் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



2022இல் அல்பேர்ட்டா அரசு ரொறன்ரோவிலும் வன்கூவரிலும் 'அல்பேர்ட்டா அழைக்கிறது' என்று பெரிதாக விளம்பரம் செய்தது. வீட்டு விலை கட்டுப்படியாகும், வேலை உண்டு என்றது. சொன்னதில் பொய் இல்லை. மாகாண விற்பனை வரியும் இங்கே கிடையாது. அந்த அழைப்பைக் கேட்டோ, முன்னே வந்த சொந்தக்காரர் சொல்லிக் கேட்டோ, ஸ்காபரோவில் வீட்டுக்கடன் கணக்குப் பார்த்துக் களைத்தோ நம்மவர் பலர் மேற்கே வந்துவிட்டீர்கள். சிலர் வழியிலேயே மானிரோபாவிலும் சஸ்கச்சுவானிலும் தங்கிவிட்டீர்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஜனவரி மாதத்துக் காலை ஆறு மணியைப் பற்றி உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் எட்மன்ரனில் ஒரு கராஜில் கார் திருத்துகிறவன். முதல் கடுங்குளிர் விழுந்த மறுநாள், கடை திறக்க முன்னமே தொலைபேசி அலறத் தொடங்கிவிடும். அழைப்பது நம்மவராக இருந்தால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"தம்பி, கார் ஸ்ரார்ட் ஆகுதில்லை. ரிக் ரிக் எண்டு சத்தம் மட்டும் வருது."

"எங்கை வாங்கின கார் அண்ணை?"

"மார்க்கத்திலை. வாங்கி மூண்டு வருசம்தான். ஒரு நாளும் இப்பிடிச் செய்யேல்லை."

"முன்னுக்குப் பிளக் வயர் ஏதும் தொங்குதோ?"

"என்ன பிளக்? இது பெற்றோல் கார் தம்பி!"

அந்த அண்ணையில் பிழை இல்லை. தென் ஒன்ராறியோவில் அந்தப் பிளக் இல்லாமலே ஆயுள் முழுவதும் கார் ஓட்டலாம். இங்கே விற்கும் கார்களில் எஞ்சினைச் சூடாக்கும் ஒரு சிறிய மின் கருவியைப் பூட்டியே கொடுப்பது வழக்கம். புளொக் ஹீற்றர் என்பது அதன் பெயர். அதன் வயர் முன் கிறில் வழியாக வெளியே வந்து மூன்று முள்ளுப் பிளக்காக நிற்கும். ஒன்ராறியோவில் வாங்கி ஓட்டிவந்த காரில் அது இல்லாமல் இருக்கலாம். உள்ளே ஹீற்றர் இருந்து வயர் மட்டும் இல்லாமலும் இருக்கலாம். எதுவென்று பார்க்கப் பொனற்றைத் திறந்தால் போதும். தெரியாவிட்டால் வாகன எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

இல்லையென்றால் பூட்ட வேண்டும். எதைப் பூட்டுவது என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் காரின் பெயரையும் ஆண்டையும்தான் முதலில் சொல்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு கேள்வி: வண்டி இரவில் எங்கே படுக்கிறது? எந்த ஹீற்றர், எத்தனை வாற், அது தேவையா இல்லையா என்ற எல்லாவற்றையும் அந்த இடம்தான் தீர்மானிக்கும். அந்தக் கேள்விக்குப் போகுமுன் குளிர் எஞ்சினை என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வானிலை அறிக்கையில் இரண்டு எண்கள் வரும். வெப்பநிலை மைனஸ் 30, காற்றோடு சேர்த்தால் மைனஸ் 42 என்பார்கள். இரண்டாவது எண் நம்முடைய தோலுக்கு. எஞ்சினுக்குத் தோல் இல்லை. எவ்வளவு காற்று அடித்தாலும் அது மைனஸ் 30க்குக் கீழே போகாது. காற்றில் விரைவாக ஆறும், அவ்வளவுதான். ஆகவே ஹீற்றரைப் பற்றி யோசிக்கும்போது முதல் எண்ணை மட்டும் பாருங்கள். அது மைனஸ் 15க்குக் கீழே போனால் பிளக்கைச் செருகுவது நல்லது. மைனஸ் 25க்குக் கீழே கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் மூன்று இடத்தில் கைவைக்கிறது. முதலாவது ஒயில். கனடாவில் டிசம்பர் மாதம் சமையலறை அலுமாரிக்குள் தேங்காயெண்ணெய்ப் போத்தல் எப்படி இறுகிக் கிடக்கும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். எஞ்சின் ஒயில் அவ்வளவுக்குக் கல்லாகாது என்றாலும் தடித்துக் களியாகும். அந்தக் களிக்குள்ளேதான் ஸ்ரார்ட்டர் மோட்டர் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். இரண்டாவது பற்றறி. மைனஸ் 18இல் அதன் பலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சினைச் சுழற்ற இரண்டு மடங்கு பலம் தேவைப்படும் அதே நேரத்தில் பற்றறியிடம் பாதிகூட இல்லை. மூன்றாவது எரிபொருள். குளிர்ந்த உலோகத்தில் பெற்றோல் சரியாக ஆவியாகாது. அதனால் கணினி அளவுக்கு மிஞ்சிப் பெற்றோலை ஊற்றும். அதில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஒயிலுக்குள் இறங்கும்.

இதில் முதல் இரண்டுக்கும் ஹீற்றர் இல்லாமலே பாதி வைத்தியம் உண்டு, செலவும் குறைவு. ஒயில் தகரத்தில் 0W-20, 5W-30 என்று எழுதியிருக்குமே, அந்த W குளிர்காலத்துக்கான குறி. 5W ஒயில் மைனஸ் 30 வரையிலும், 0W ஒயில் மைனஸ் 35 வரையிலும் எஞ்சினைச் சுழலவிட வேண்டும் என்பது தர விதி. 10W ஒயிலுக்கு அந்த எல்லை மைனஸ் 25இலேயே முடிந்துவிடும். உங்கள் காரின் கைநூல் 0Wஐ அனுமதித்தால் ஒக்ரோபரில் அதற்கு மாறுங்கள். பற்றறியின் மேல் CCA என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 18இல் 30 விநாடிக்கு, 7.2 வோல்ற்றுக்குக் கீழே விழாமல் அது கொடுக்கக்கூடிய அம்பியர் அது. பழைய பற்றறியில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டாம். கராஜில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. ஒயிலும் பற்றறியும் சரியில்லாத காருக்கு ஹீற்றர் மட்டும் பூட்டக் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது, முதலில் அவை இரண்டையும் முடித்துவிட்டு வாருங்கள் என்பதுதான்.

இனி அந்தக் கேள்வி. வண்டி எங்கே படுக்கிறது?

வீட்டோடு ஒட்டிய, சூடேற்றிய கராஜுக்குள் என்றால் உங்களுக்கு ஹீற்றர் அவசரமில்லை. ஆனால் பகலில் வேலைத்தளத்தில் எட்டு மணித்தியாலம் வெளியே நிற்கும் வண்டி மாலையில் அடம்பிடிக்கும். அங்கே பிளக் பொயின்ற் இருக்கிறதா என்று பாருங்கள். நிலக்கீழ்த் தரிப்பிடம் உள்ள கொண்டோவாசிகளுக்கும் இதே பேச்சுத்தான்.

வீட்டு முற்றத்திலோ அடுக்குமாடியின் திறந்த தரிப்பிடத்திலோ, அருகில் பிளக் பொயின்ற்றோடு நிற்கிறது என்றால் புளொக் ஹீற்றர் உங்களுக்காகவே செய்தது. வேறெதையும் தேடி அலைய வேண்டாம்.

தெருவோரம் நிற்கிறது, மின்சாரம் எட்டாது என்றால் புளொக் ஹீற்றர் பூட்டி என்ன பயன்? நடைபாதைக்குக் குறுக்கே வயர் இழுத்தால் முதியவர் ஒருவர் தடுக்கி விழுவார். நகரசபை விதியும் பல இடங்களில் அதற்கு இடம் கொடாது. உங்களுக்கு நல்ல பற்றறியும் 0W ஒயிலும்தான் முதல் துணை. அதற்கு மேலும் வேண்டுமென்றால், வண்டியின் எரிபொருளையே சிறிதளவு எரித்து, எஞ்சினுக்குள் ஓடும் திரவமான கூலன்ற்றைச் சூடாக்கும் கருவி இருக்கிறது. வெபாஸ்ரோ, எபர்ஸ்பெகர் போன்ற ஜேர்மன் நிறுவனங்கள் செய்பவை. அரை மணித்தியாலத்தில் எஞ்சினும் சூடு, உள்ளேயும் சூடு. விலைதான் புளொக் ஹீற்றரைப் போல் பல மடங்கு. அது ஓடுவதும் பற்றறியில்தான் என்பதால், எத்தனை நிமிடம் அதை ஓடவிட்டீர்களோ அத்தனை நிமிடமாவது பிறகு வண்டியை ஓட்டுங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் வேலைக்குப் போகிறவருக்கு அது பொருந்தாது.

லொறி ஓட்டும் தம்பிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அமுக்கிய காற்றின் சூட்டில்தான் எரிய வேண்டும். உலோகமே அந்தச் சூட்டை உறிஞ்சினால் எரிவது எப்படி? ஆகையால் டீசலுக்கு ஹீற்றர் இன்னும் அவசியம். பெரிய எஞ்சின்களில் 1500 வாற் வரை வருவதுண்டு. ஆனால் ஹீற்றர் எஞ்சினைத்தான் சூடாக்கும்; தாங்கியில் இருக்கும் டீசல் மெழுகுபோல் தடித்து வடிகட்டியை அடைத்தால் அதற்கு ஒன்றும் செய்யாது. தெற்கே அமெரிக்காவில் மலிவாக நிரப்பிய கோடைக்கால டீசலோடு வடக்கே ஏற வேண்டாம். எல்லை கடந்த பிறகு குளிர்கால டீசலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எந்த வகை என்ற கேள்வி. கடையில் பல வடிவம் கிடைக்கும். நல்லது எது, காசைத் தின்பது எது என்று சொல்லிவிடுகிறேன்.

எஞ்சின் வார்க்கப்படும்போது உள்ளே இருக்கும் மணலை வெளியே எடுக்கப் பக்கங்களில் வட்டத் துளைகள் விட்டிருப்பார்கள். பிறகு அவற்றைக் கிண்ணம் போன்ற உலோக மூடிகளால் அடைத்துவிடுவார்கள். அப்படி ஒரு மூடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூட்டுவதுதான் சரியான புளொக் ஹீற்றர். அதன் சூடேறும் வளையம் கூலன்ற்றுக்குள் நேரே மூழ்கி நிற்கும். சூடான கூலன்ற் தானாக மேலே ஏற, குளிர்ந்தது கீழே இறங்க, எஞ்சின் முழுக்கச் சூடு பரவும். காருக்கு 400 வாற் தொடக்கம் 750 வாற் வரை, பெரிய பிக்கப் வண்டிக்கு 1000 வாற் அளவில் இருக்கும். சில புதிய எஞ்சின்களில் அதற்கென்றே ஒரு குழி விட்டிருப்பார்கள்; கூலன்ற்றைத் தொடாமல் குச்சிபோல் உள்ளே தள்ளிப் பூட்டும் ஹீற்றர் அதற்கு உண்டு. எப்படியானாலும் உங்கள் எஞ்சினின் எண்ணுக்கென்று செய்ததையே வாங்குங்கள். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று பெட்டியில் எழுதியிருந்தால் சரியாக எதற்கும் பொருந்தாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூடி இருக்கும் இடத்துக்குக் கை போகாத எஞ்சின்களும் உண்டு. அவற்றுக்கு ஒயில் பானின் அடியில் ஒட்டும் சிலிக்கோன் தட்டு நல்ல மாற்று. ஒட்டுமுன் அந்த இடத்தின் எண்ணெய்ப் பிசுக்கையும் பெயின்ற்றையும் சுரண்டி வெறும் உலோகமாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் கழன்று தொங்கும். பிளாஸ்ரிக் ஒயில் பான் உள்ள வண்டிக்கு இதை நினைக்கவே வேண்டாம். மைனஸ் 35ஐ அடிக்கடி தொடும் ஊரில் வெளியே நிற்கும் வண்டிக்குப் பற்றறியைச் சுற்றிக் கட்டும் மின் போர்வையும் நல்ல உபகாரம். 80 வாற் அளவில்தான் எடுக்கும்.

ஒயில் பார்க்கும் கம்பிக்குப் பதிலாகச் செருகும் ஹீற்றர் மலிவு, பூட்டுவதும் சுலபம். ஆனால் அது 90 வாற் போலச் சூட்டைக் குழாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நிற்கும். அடியில் காந்தமாக ஒட்டும் வகையும் இருக்கிறது. இன்றைய கார்கள் பலவற்றில் அலுமினிய ஒயில் பான். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

பூட்டுவது எப்படி என்று பார்ப்போம். கைவேலை தெரிந்தவர்கள் சிலர் தாங்களே செய்ய நினைப்பீர்கள், செய்யலாம். மற்றவர்களும் கராஜில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ற்றை ஒரு தட்டில் வடிக்க வேண்டும். அது இனிக்கும் நஞ்சு. நாயோ குழந்தையோ தொடாத இடத்தில் மூடி வையுங்கள், கானில் ஊற்றாதீர்கள். பிறகு எஞ்சின் துளையை அடைத்திருக்கும் அந்த உலோக மூடியின் ஒரு விளிம்பில் உளியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் மூடி துளைக்குள் சாய்ந்து திரும்பும். ஒரு பக்கம் உள்ளே போக மறுபக்கம் வெளியே நீட்டும். அதைக் குறட்டால் கவ்வி இழுக்கலாம். உள்ளே மிஞ்சியிருந்த கூலன்ற் முழங்கை வழியாக வழியும்போதுதான் வேலை தொடங்கியிருக்கிறது என்று நாங்கள் சொல்வோம். துளையின் ஓரத்துத் துருவை விரலால் தடவிப் பார்த்து, வழவழப்பாகும் வரை சுத்தம் செய்ய வேண்டும். கசிவு வந்தால் பெரும்பாலும் இந்த இடத்தில் அவசரப்பட்டதால்தான் வரும். ஹீற்றரின் ரப்பர் வளையத்தைக் கூலன்ற்றில் நனைத்து உள்ளே தள்ளி, சூடேறும் வளையம் எஞ்சின் சுவரில் எங்கும் முட்டாதபடி இடமும் வலமும் அசைத்துப் பார்த்து, அது தாராளமாக நிற்கும் நிலையில் திருகாணியை இறுக்க வேண்டும். முட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் எரிந்துபோகும்.

இனிமேல்தான் பலர் கெடுப்பது. கூலன்ற்றைத் திரும்ப நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே அகப்பட்ட காற்றை முழுதும் வெளியேற்றிய பிறகுதான் பிளக்கைச் செருகலாம். வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசையில் காய்ந்த ஹீற்றருக்கு மின்சாரம் கொடுத்தால் அது அங்கேயே செத்துவிடும். காற்றுக் குமிழுக்குள் நிற்கும் ஹீற்றருக்கும் அதே கதிதான். எங்கள் கராஜில் காரை அன்றே கொடுக்காமல் ஒரு முறை ஓட்டி, ஆறவிட்டு, கூலன்ற் மட்டம் இறங்கியிருக்கிறதா, கசிவு உண்டா என்று பார்த்துத்தான் கொடுப்போம். உங்கள் கராஜிலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கூலன்ற் நிரப்பும்போது இன்னொன்று. தண்ணீர் கலக்காத தனிக் கூலன்ற்தான் உசத்தி என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. தனிக் கூலன்ற் மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். 60க்கு 40 என்று கூலன்ற்றைக் கூட்டினால் மைனஸ் 50ஐயும் தாண்டும். கடையில் கலந்தே விற்பதை வாங்கினால் இந்தக் கணக்கே வேண்டாம்.

அடுத்தது வயர். ஹீற்றர் கெட்டுவிட்டது என்று கொண்டுவரும் வண்டிகளில் பெரும்பாலும் கெட்டிருப்பது வயர்தான். அது புகைக் குழாயையும் விசிறியையும் ஸ்ரியரிங் தண்டையும் தொடாமல், அங்கங்கே கட்டப்பட்டு முன்னே வர வேண்டும். பிளக்குக்கு மூடி போடுங்கள். உப்புச் சேறு புகுந்தால் முட்கள் பச்சை பிடிக்கும். கழற்றும்போது பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். மைனஸ் 30இல் வயர் தடிபோல் விறைத்து நிற்கும், முறிந்துவிடும். பழைய ஆட்கள் வயரின் நுனியைச் சாரதி பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் செருகுவார்கள். கழற்ற மறந்து பொயின்ற்றையும் பிடுங்கிக்கொண்டு வேலைக்குப் போகாமல் இருக்க அதைவிட நல்ல வழி நான் காணவில்லை.

எக்ஸ்ரென்ஷன் வயர் வாங்கும்போது மூன்று முள், வெளிப்புறப் பாவனைக்குரியது, கடுங்குளிருக்கு ஏற்றது, கனடியத் தரக்குறி என்ற நான்கையும் பாருங்கள். தடிப்பு 14 கேஜ் இருந்தால் நல்லது. கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒன்றோடொன்று தொடுத்து நீட்டாதீர்கள். செருகி அரை மணித்தியாலத்துக்குப் பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்த வயர் குப்பைக்கு.

வீட்டு வெளிப்புறப் பொயின்ற் பெரும்பாலும் 15 அம்பியர் சுற்றில் இருக்கும். நீண்ட நேரம் ஓடும் பொருட்களுக்கு அதில் 12 அம்பியர்தான், அதாவது 1440 வாற்தான் எடுக்கலாம். இரண்டு கார் ஹீற்றர்கள் 400, 400 என்றால் தாராளம். பிக்கப் வண்டியின் 1000 வாற்றோடு இன்னொரு காரின் 750ஐச் சேர்த்தால் இரவு இரண்டு மணிக்குப் பிரேக்கர் விழக்கூடும். விழுந்தால் காலையில் இரண்டு வண்டியும் குளிரில் நிற்கும்.

எவ்வளவு நேரம் செருகி வைப்பது? கூலன்ற் மூன்று நான்கு மணித்தியாலத்தில் போகவேண்டிய சூட்டுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு சுற்றியிருக்கும் காற்றைத்தான் சூடாக்குகிறீர்கள். 400 வாற் ஹீற்றர் இரவு முழுக்க 12 மணித்தியாலம் ஓடினால் 4.8 அலகு, மூன்று மணித்தியாலம் ஓடினால் 1.2 அலகு. அலகுக்கு 15 சதம் என்று வைத்துக்கொண்டால் ஓர் இரவுக்கு 72 சதத்துக்குப் பதில் 18 சதம். நூறு இரவுக்கு ஒரு காருக்கே 54 டொலர் மிச்சம். வெளிப்புறத்துக்குரிய, 15 அம்பியர் தாங்கும் ரைமர் ஒன்றை வாங்கினால் முதல் குளிர்காலத்திலேயே அதன் விலை திரும்பிவிடும். மேசைவிளக்குக்கு வாங்கிய சின்ன ரைமரை இதற்குப் பாவிக்காதீர்கள், உருகிவிடும்.

ரைமர் உங்கள் பையை மட்டும் காக்கவில்லை. 2024 ஜனவரி 13 மாலை, கடுங்குளிரில் மின்தேவை ஏறி அல்பேர்ட்டாவின் மின்சாரம் சுழற்சி முறையில் துண்டிக்கப்படும் நிலைக்கு வந்தது. எல்லோருடைய கைபேசியிலும் அவசர எச்சரிக்கை அலறியது. தேவையற்ற மின்பாவனையைக் குறையுங்கள் என்று அரசு கேட்க, சில நிமிடங்களில் 200 மெகாவாற் அளவுக்குத் தேவை இறங்கியது. மின்வெட்டு இல்லாமல் தப்பினோம். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் காரைச் செருகிவிடுவது எல்லோரும் சமைக்கும் அந்த நேரத்துச் சுமையோடு சேர்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு ரைமர் எழுப்பினால் யாருக்கும் பாரமில்லை.

அடுக்குமாடித் தரிப்பிடங்களில் சில பொயின்ற்றுகள் விட்டுவிட்டு மின்சாரம் கொடுக்கும். செலவைக் குறைக்க அப்படி வைத்திருக்கிறார்கள். செருகியதும் மின்சாரம் வரவில்லை என்று மேலாளரோடு சண்டைக்குப் போகுமுன் அரை மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கள்.

ஹீற்றர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய எளிய வழி காது. அமைதியான இரவில் செருகியதும் எஞ்சின் பக்கம் காதைக் கொடுங்கள். கேத்தில் கொதிக்கத் தொடங்கும்போது வரும் மெல்லிய சீறல் கேட்கும். கேட்காவிட்டால் மல்ரிமீற்றரால் பிளக்கின் இரண்டு தட்டை முட்களுக்கிடையே தடையை அளவிடுங்கள். 400 வாற் என்றால் 36 ஓம் அளவில், 1000 வாற் என்றால் 14 ஓமுக்குச் சற்று மேலே காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் வயரோ ஹீற்றரோ அறுந்திருக்கிறது. வட்ட முள்ளுக்கும் தட்டை முள்ளுக்கும் இடையே ஏதாவது காட்டினால் அந்த வண்டியைச் செருகவே கூடாது, மின் கசிவு.

'எங்களிடம் ரிமோட் ஸ்ரார்ட்டர் இருக்கிறதே, பிறகேன் இது?' என்று பலர் கேட்பீர்கள். ரிமோட் உங்களைக் குளிரிலிருந்து காப்பாற்றுகிறது, எஞ்சினை அல்ல. வீட்டுக்குள் இருந்து அழுத்தினாலும் நேரே நின்று திருகினாலும் மைனஸ் 30இல் களியான ஒயிலோடு எழும்பும் எஞ்சினுக்கு வேதனை ஒன்றுதான். ஹீற்றர் இருந்தால் எஞ்சின் அலுங்காமல் எழும்பும், கண்ணாடியில் பனி சீக்கிரம் உருகும், பெற்றோலும் மிஞ்சும். மைனஸ் 20இல் 10 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்று கனடாவின் இயற்கை வள அமைச்சு சொல்கிறது. இரண்டும் இருந்தால் இரண்டையும் பாவியுங்கள். ஆனால் வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் கதவு மூடியிருக்க ரிமோட்டை அழுத்திவிடாதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மேல்மாடியில் தூங்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. அறை சூடாக்கும் சாதாரண மின் ஹீற்றரைக் காருக்குள் வைத்து இரவு முழுக்க விடுவதும் வேண்டாம். தீ அதில்தான் பிடிக்கும்.

இதெல்லாம் பெரிய கரைச்சலாக இருக்கிறதே என்று சலிப்பவர்களுக்கு, முன்பு இந்த மண்ணில் எஞ்சின் எழுப்பியவர்கள் பட்ட பாட்டையும் சொல்கிறேன். அல்பேர்ட்டாவில் பதிவான மிகக் கடுங்குளிர் 1911 ஜனவரி 11 அன்று ஃபோர்ட் வெர்மிலியனில்: மைனஸ் 61.1. அதே ஊருக்கு 1929 ஜனவரியில், தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு எட்மன்ரனிலிருந்து வொப் மே, விக் ஹோர்னர் என்ற இரண்டு விமானிகள் கூரையில்லாத சிறிய விமானத்தில் பறந்தார்கள். அந்தக் காலத்து வடக்கத்தி விமானிகள் மாலையில் தரையிறங்கியதும் முதலில் எஞ்சின் ஒயிலை வடித்துக் குடிசைக்குள் கொண்டுபோய் அடுப்பருகே வைப்பார்கள். காலையில் எஞ்சினுக்குக் கன்வஸ் கூடாரம் போட்டு, அடியில் நெருப்பு வைத்து, சூடான ஒயிலை ஊற்றித்தான் எழுப்புவார்கள். கமக்காரர்கள் தங்கள் கார்களுக்கும் ட்ரக்ரர்களுக்கும் இதையேதான் செய்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நோர்த் டக்கோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில், கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் கூட்டுறவில் இருந்த அன்ட்ரூ ஃப்ரீமன் எஞ்சினுக்குள் பூட்டும் மின் ஹீற்றருக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். நெருப்புச் சட்டியோடு இரவுபகலாகப் பட்ட பாடு ஒரு பிளக்கோடு முடிந்தது. நமக்கு மிஞ்சியிருப்பது அதைச் செருகுவது மட்டும்தான்.

வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், தரிப்பிடத்துக்குப் பிளக் பொயின்ற் உண்டா, மின்கட்டணம் யாருடையது என்று கேளுங்கள். வீடு வாங்குபவர்கள் முற்றத்துப் பொயின்ற் வேலை செய்கிறதா என்று பரிசோதகரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்ராறியோவிலிருந்து இன்னும் வரவிருக்கும் சொந்தக்காரருக்கு, லொறியில் சாமான் ஏற்றுமுன்னமே காரின் கிறிலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒக்ரோபர் இரண்டாவது திங்கள் நன்றியறிதல் நாள், வேலை இல்லை. அன்று பகல் முற்றத்துக்குப் போய் வயரை விரித்து, பிளக்கைச் செருகி, சீறல் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டாலும் பிளக்கே இல்லாவிட்டாலும் செவ்வாய்க்கிழமை காலை பக்கத்துக் கராஜுக்கு அழையுங்கள்; அந்த வாரத்துக்குள் இடம் கிடைக்கும். முதல் மைனஸ் 30 விழுந்த பிறகு அழைத்தால் எங்களால் செய்யக்கூடியது உங்கள் பெயரை வரிசையின் கடைசியில் எழுதுவது ஒன்றுதான்.

அன்புடன்,
எட்மன்ரன் கராஜ்காரன் ஒருவன்